ஹ்வேசிக்கில் பெக்ஸேஜு: குடிக்கலாமா?

தம்பி, கொரியாவின் தேஜான் நகருக்கு வந்த பிறகு ஆய்வகத்தின் முதல் ஹ்வேசிக் (எல்லோரும் சேர்ந்து போகும் விருந்து), பேராசிரியர் சம்கேதாங் என்னும் கோழி சூப் கடைக்கு அழைத்திருக்கிறார், அங்கே பெக்ஸேஜு என்ற மூலிகைப் பானம் வாங்குவார்களாம், அது மருந்தா மதுவா, குடித்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். மூலிகை என்றதும் நம் ஆட்கள் லேகியம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆல்கஹால் 13 சதவீதம், மக்கொல்லி என்ற சாதாரண கொரிய அரிசிக் கள்ளைப் போல இரண்டு மடங்கு. குக்சுன்டாங் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்தது. அரிசியை வேகவைக்காமல் மாவாக்கி, நுருக் என்ற கொரியப் புளிப்பூட்டி சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். ஜின்செங், இஞ்சி, அதிமதுரம், ஓமிஜா, குகிஜா என்ற மூலிகைப் பழங்கள் எல்லாம் அதில் உண்டு. நிறம் வெளிர்மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மணம். வாயில் முதலில் லேசான இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு, விழுங்கிய பிறகு ஜின்செங்கின் மண்வாசனையோடு மெல்லிய கசப்பு. குளிரவைத்துத்தான் தருவார்கள். கோழிக்குள் ஒட்டரிசியும் பூண்டும் ஜின்செங்கும் வைத்துக் கொதிக்கவைத்த சம்கேதாங்குக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை. கொரிய மதுவை ருசி பார்க்க விருப்பம் இருந்தால், வீரியம் அதிகமான சோஜு என்ற மதுவில் தொடங்காமல் இதில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வேண்டாம் என்றால் தாராளமாக மறுக்கலாம். "சுல் மொன் மஷ்யோயோ" (என்னால் மது குடிக்க முடியாது) என்று முதல் சுற்றிலேயே சிரித்தபடி சொல்லிவிட்டு, கோப்பையில் சைடா என்ற சோடா பானத்தை ஊற்றிக்கொண்டு எல்லோரோடும் "கொன்பே" (சியர்ஸ்) சொல்லுங்கள். பாதியில் மறுப்பதுதான் சங்கடம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஜின்செங் சேர்ந்த இதைத் தொடவே வேண்டாம்.

குடிப்பதென்றால், பேராசிரியர் ஊற்றும்போது கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள். முகத்தை அவரிடமிருந்து சற்றுத் திருப்பிக் குடியுங்கள். உங்களுக்கு நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள், பெரியவர் கோப்பை காலியானால் நீங்கள் ஊற்றுங்கள். இன்னொன்று, இது முக்கியம்: மது மிச்சமிருக்கும் கோப்பையில் மேலே ஊற்றுவது இங்கே வழக்கமில்லை. அதனால் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். புதிதாக வரும் நம் பிள்ளைகள் மரியாதை என்று எண்ணி ஒவ்வொரு முறையும் காலி செய்துவிட்டுத் தவிப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

கொஞ்ச நேரம் போனதும் யாராவது இதில் சோஜுவைக் கலந்து ஓசிப்சேஜு என்ற கலவை செய்வார்கள். இனிப்பில் வீரியம் தெரியாது, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், திரும்பும்போது வாடகை மின்ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.03 சதவீதம் இருக்கும்போது வண்டி ஓட்டினாலே இங்கே குற்றம், ஸ்கூட்டருக்கும் அதே கணக்குதான். டாக்ஸியில் போங்கள்.