ஒரே கேபிளில் இரண்டு மாஸ்டர்

கேள்வி: அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய விண்டோஸ் 98 கணினியில் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க். பள்ளி நாடகப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. படியெடுக்கலாம் என்று பழைய 80 ஜிபி டிஸ்க் ஒன்றை வாங்கி அதே கேபிளில் மாட்டினேன். இப்போது இரண்டுமே தெரியவில்லை. அப்பாவின் டிஸ்க் போய்விட்டதா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பதற வேண்டாம் அம்மா. நேற்றுவரை ஓடிய டிஸ்க், இன்னொன்றை மாட்டியதும் மறைந்தால் நான் முதலில் ஜம்பரைத்தான், அதாவது டிஸ்கின் நிலையைத் தீர்மானிக்கும் குட்டி மூடியைத்தான், பார்ப்பேன். ஐடிஇ எனும் பழைய வகை அகல கேபிளில் ஒன்று மாஸ்டர் (முதன்மை), மற்றது ஸ்லேவ் (துணை). இரண்டும் மாஸ்டராக இருந்தால் ஒன்றை ஒன்று மறித்து, இரண்டுமே காணாமல் போகும்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு 80 ஜிபியைக் கழற்றுங்கள். அப்பாவின் டிஸ்கை மட்டும் வைத்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் பாருங்கள். டக் டக் என்று தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சீராகச் சுழன்று பெயரும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

டிஸ்கின் பின்பக்கம், அகல கேபிள் சொருகுமிடத்துக்கும் மின்கம்பி சொருகுமிடத்துக்கும் நடுவில், அரிசி மணி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் ஜம்பர். புருவம் திருத்தும் இடுக்கியால் எடுக்கலாம். எங்கே வைப்பது என்பது லேபிளிலேயே அச்சாகியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 80 ஜிபியை ஸ்லேவ் ஆக்குங்கள். அப்பாவுடையது வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் அதையும் கவனியுங்கள்: தனியாக இருக்கும்போது ஒரு நிலை, ஸ்லேவோடு இருக்கும்போது வேறு நிலை.

கேபிளை ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் செத்துவிட்டது என்று திருப்பித் தந்த என் டிஸ்கில், கேபிள் சொருகுமிடத்தில் ஒரே ஒரு ஊசிதான் வளைந்திருந்தது. ஈயக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதன்மேல் செருகி மெல்ல நிமிர்த்தினேன். தங்கையின் கல்யாணப் படங்கள் அத்தனையும் கிடைத்தன.

அப்புறம், 80 ஜிபியை மாட்டியதும் கணினி உறைந்து நின்றால் பயாஸ் பழசு என்று அர்த்தம். 1999க்கு முந்திய பல பயாஸ்களுக்கு 32 ஜிபிக்கு மேல் கணக்குத் தெரியாது. பல டிஸ்குகளில் அளவை 32 ஜிபியாகக் குறைத்துக் காட்டும் ஜம்பர் நிலை உண்டு. உங்களுக்கு அது தாராளம்.

கடைசியாக, நான் பயப்படுவது இதற்குத்தான். 80 ஜிபியைப் பகுதி பிரித்துத் தயார்செய்ய எஃப்டிஸ்க் நிரலைத் திறந்ததும் முதலில் நிற்பது அப்பாவின் டிஸ்க்; தவறி அதில் கை வைத்தால் படங்கள் போய்விடும். 5ஐ அழுத்தி இரண்டாவதற்கு மாறி, அளவைப் படித்துப் பார்த்த பிறகே எதையும் தொடுங்கள். படியெடுத்த படங்களைப் புதிய கணினி ஒன்றிலும் போட்டு வையுங்கள். நீங்கள் வாங்கிய 80 ஜிபியும் வயதானதுதானே.