டெர்மினலை மூடினால் தளம் போய்விடுகிறது – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் நண்பர்கள் சிலர் தமிழில் எழுதிப் பழகுகிறோம். அதற்காகப் பைத்தான் நிரல்மொழியில், வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ வைத்து ஒரு வலைப்பூ செய்தேன். லேப்டாப்பில் நன்றாக ஓடியது. மாத வாடகைக்கு ஒரு சின்ன உபுண்டு சர்வர் எடுத்து, அங்கேயும் ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர் கட்டளையைப் போட்டேன். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலை மூடினால் தளம் போய்விடுகிறது. பிழை விவரங்களைக் காட்டும் டீபக்கை ஃபால்ஸ் ஆக்கினால், அதாவது அணைத்தால், பக்கம் வருகிறது, நிறமும் அமைப்பும் காணோம். தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் எழுத்துகள் உதிர்கின்றன. நிரலைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக்கி ஓட்டும் டாக்கர் கற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன்.

ம.

அன்புள்ள ம.,

டாக்கர் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன சிக்கல்கள் அப்படியே இருக்கும், கூடப் புதிதாக ஒன்று சேரும்.

ரன்சர்வர், எழுதும்போது சோதித்துப் பார்க்க மட்டும்தான். பொதுத்தளத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஜாங்கோ ஆவணமே சொல்கிறது. அதன் இடத்தில் பைத்தான் தளங்களை ஓட்டும் ஜியூனிகார்னை வையுங்கள், அதற்கு முன்னால், வருகிறவர்களின் கோரிக்கைகளை முதலில் வாங்கும் என்ஜின்எக்ஸ். ஜியூனிகார்னை, சர்வரில் நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்து எனேபிள் செய்துவிட்டால், நீங்கள் டெர்மினலை மூடினாலும் ஓடும், சர்வர் ரீபூட் ஆனாலும் தானே எழுந்துகொள்ளும். கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் எத்தனை? சர்வர் செயலியின் கோர்களின் இருமடங்கோடு ஒன்று என்பது ஜியூனிகார்ன் ஆவணத்தின் கணக்கு. நண்பர்கள் படிக்கும் தளத்துக்கு இரண்டே தாராளம்.

நிறம் காணாமல் போவது பிழையே இல்லை. டீபக் ஃபால்ஸ் ஆனதும் ரன்சர்வர், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்புகளைத் தருவதை நிறுத்திவிடும், வேண்டுமென்றேதான். கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையால் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, அந்த இடத்தை என்ஜின்எக்ஸுக்குக் காட்டுங்கள். அந்த இடம் உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் (உங்கள் பயனர் பெயருக்கான கோப்புறை) இருக்க வேண்டாம். உபுண்டு 21.04 முதல் ஹோம் டைரக்டரிகள் 750 அனுமதியோடு (வெளிப்பயனர்கள் நுழைய முடியாது) உருவாகின்றன. என்ஜின்எக்ஸ் வேறு பயனர் பெயரில் ஓடுவதால் உள்ளே நுழைய முடியாமல் 403 (அனுமதி இல்லை) காட்டும். எரிச்சலில் பலர் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுவிடுவார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம், கோப்புகளை வார் (/var) டைரக்டரிக்கு மாற்றுங்கள்.

தமிழ் முகவரிக்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை, லேப்டாப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கும். தலைப்பை முகவரியாக மாற்றும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை, யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு) அனுமதித்தால்கூட, பைத்தான் எழுத்து என்றும் எண் என்றும் ஏற்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவைக்கும். நம் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். பைத்தானுக்கு அவை எழுத்தல்ல. ‘தமிழ்’ உள்ளே போனால் ‘தமழ’ வெளியே வரும்! வடிகட்டியை நீங்களே எழுதலாம்தான். ஆனால் முகவரிகளை வரையறுக்கும் யூஆர்எல் கோப்பில் ஸ்லக் என்ற வகை ஆங்கில எழுத்து, எண், கோடுகளை மட்டும் ஏற்கும், அதையும் மாற்ற வேண்டும். நானாக இருந்தால் பதிவின் எண்ணையே முகவரியாக வைப்பேன். வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக நீளும் தொல்லையும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று: புது ஜாங்கோ ப்ராஜெக்டில் நேரம், நம் நேரத்துக்குப் பின்தங்கிய உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். அதை ஆசியா/சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் காலை ஏழு மணிக்குப் போட்ட பதிவில் முந்தின நாள் தேதி வரும்.