பின்பாரம்

கேள்வி: 'ஓவர்பேலன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'எடையில் விஞ்சுதல்' என்றும், 'நிலை தடுமாறி விழுதல்' என்றும் போட்டிருக்கிறது. எது சரி? தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் உண்டா? (வாசகர், திருவாரூர்)

பதில்: இரண்டும் சரி. ஆனால் 'ஒற்றைச் சொல்' என்கிறீர்களே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்களோடு நான் பல வருஷமாக மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். 'பேலன்ஸ்' எங்கே வந்தாலும் 'சமநிலை' என்று ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பேலன்ஸ் என்றால் முதலில் தராசு. லத்தீனில் 'பி' இரண்டு, 'லாங்க்ஸ்' தட்டு. ஒரு தட்டில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். அது மற்றதை விஞ்சுகிறது; அதே நொடியில் தராசு சாய்கிறது. இரண்டு பொருளும் அங்கேயே பிறந்துவிட்டன. பிற்பாடு விஞ்சும் வேலையைப் பெரும்பாலும் 'அவுட்வெய்' என்ற இன்னொரு ஆங்கிலச் சொல் எடுத்துக்கொண்டது. ஏணியில் நின்று எட்டிக் கை நீட்டி விழுகிறவனுக்குத்தான் இன்று ஓவர்பேலன்ஸ்.

அந்தப் பழைய பொருளின் கனம் தெரிய வேண்டுமானால் ஆங்கிலேய அரசியல் சிந்தனையாளர் ஜேம்ஸ் ஹாரிங்டனிடம் போக வேண்டும். 1656இல் வந்த 'ஓசியானா' என்ற நூலில் அவர் ஆட்சியையே நிலத்தை வைத்து எடை போட்டார். நாலில் மூன்று பங்கு நிலம் ஒருவனிடம் இருந்து அவன் மக்களை 'ஓவர்பேலன்ஸ்' செய்தால் அது முழு முடியாட்சி. பிரபுக்களிடம் இருந்தால் ஆட்சி வேறு மாதிரி. மக்களிடம் பரவிக் கிடந்தால் குடியரசு. பட்டா யார் பேரில் என்று பார்த்தால் போதும், ஆள்வது யார் என்று சொல்லிவிடலாம். என்ன துணிச்சல்! இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பியதும், 1661இல், அவரை லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். வைக்கோல் ஏற்றுகிற மாட்டுவண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பின்னால் பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். வண்டிக்காரர் 'பின்பாரம்' என்று கத்துவார், ஒரு பையனைத் தூக்கி முன்னால் உட்கார வைப்பார். முன்பாரம், பின்பாரம், தட்டு தாழ்ந்தது, குடைசாய்ந்தது: இடத்துக்கு ஒன்றாக இத்தனை இருக்கிறது. ஏணிக்காரனுக்கு 'நிலை தடுமாறினான்' போதும். ஹாரிங்டனை மொழிபெயர்ப்பதாக இருந்தால் 'நிலத்தட்டு அவன் பக்கம் தாழ்ந்தது' என்று எழுதுங்கள்.

அந்தப் பட்டியல்காரர்கள் ஒருநாள் வைக்கோல் ஏற்றுகிற இடத்தில் போய் நிற்கட்டும்.