உதவி பெறும் தோழியிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: என்னுடன் வேலை பார்க்கும் தோழியின் கணவருக்கு வேலை போய் 7 மாதங்கள் ஆகின்றன. மளிகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மாதந்தோறும் என்னால் இயன்றதைக் கொடுத்து வருகிறேன். அவர்கள் வேறு மதத்தினர். இயேசுவைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு ஆசை. ஆனால், மதம் மாற்றத்தான் உதவினாள் என்று நினைத்துவிடுவாளோ என்று வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தாலும் மனம் உறுத்துகிறது. மளிகைப் பைக்குள் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி (சிறு அச்சுத்தாள்) ஒன்றை வைத்துக் கொடுத்துவிடு என்கிறார் சபையில் ஒரு மூத்தவர். வைக்கலாமா? இன்னும் எவ்வளவு காலம், எவ்வளவு கொடுப்பது?

பதில்: வைக்காதீர்கள், சகோதரி. அந்தப் பை அவள் வீட்டு அடுப்பு எரிவதற்கானது. பையை வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. ஆகவே பைக்குள் இருக்கும் தாளையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுக்க வழியில்லாதவரிடம் நீட்டப்படும் நற்செய்தி, நாம் எவ்வளவு அன்போடு நீட்டினாலும், நிபந்தனையாகத்தான் தெரியும். அந்த மூத்தவரின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. இளம் ஊழியனாக இருந்தபோது நானும் இதையே செய்தேன். அரிசியோடு ஜெபத்தையும் சேர்த்துக் கொடுத்த ஒரு குடும்பம் தவறாமல் ஆராதனைக்கு வந்தது. அந்த வீட்டு மகனுக்கு வேலை கிடைத்த மாதமே வருவது நின்றது. தெருவில் என்னைக் கண்டால் அந்தத் தாய் தலையைக் குனிந்துகொள்வார். இயேசுவின் பெயரைக் கேட்டாலே கடன்பட்டவர்போலக் கூசும்படி அவரை ஆக்கிவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கிய சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவர் கேட்டார், அவருக்கு அது வலித்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த ஒன்பது பேரின் சுகம் அவர்களிடமே இருந்தது. உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது. உங்கள் தோழி, "இந்தப் பேச்சே எனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால், அடுத்த மாதம் 1ஆம் தேதி அதே தொகை, அதே முகத்தோடு போகுமா? போகும் என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் நீங்கள் பேசலாம். கொஞ்சம் தயக்கம் இருந்தாலும், இப்போதைக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மனத்துக்குத் தெரிந்திருப்பது மட்டும் போதாது. அது அவளுக்கும் தெரிய வேண்டும். மறைமுகமாக உணர்த்தலாம் என்று விட்டுவிடாதீர்கள், வாய்விட்டே சொல்லிவிடுங்கள்: "இந்தப் பணத்துக்குப் பதிலாக நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் கும்பிடும் தெய்வத்தை நீ கும்பிட வேண்டும் என்பதும் இதில் இல்லை." அவள் வாழ்க்கையில் அந்த வார்த்தை எவ்வளவு பாரத்தை இறக்கிவைக்கும் என்று பார்ப்பீர்கள்.

அடுத்துச் சொல்லப்போவதை நம்மில் பலர் யோசிப்பதேயில்லை. அவளிடமிருந்து நீங்களும் எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். யூதர்கள் பழகாத சமாரிய இனத்துப் பெண் ஒருத்தியோடு ஆண்டவர் எப்படிப் பேச்சைத் தொடங்கினார்? "தாகத்துக்குத் தா" என்றுதான். ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர், முதலில் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டார். கேட்ட நொடியில் அவள் கொடுக்கிறவள் ஆகிவிட்டாள், அதனால்தான், நீர் யூதனாயிருக்க, என்னிடத்தில் எப்படிக் கேட்கலாம் என்று நிமிர்ந்து கேட்க முடிந்தது. அந்த உரையாடலில் பெரும்பகுதி அவளுடைய கேள்விகளால் நகர்கிறது. உங்கள் தோழிக்கு நன்றாகத் தைக்கத் தெரியுமா? உங்கள் துணியைக் கொடுங்கள். வேலையில் உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்த விஷயம் இருக்கும்; கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் துக்கத்தையும் அவளிடம் சொல்லுங்கள். ஒருவர் கை எப்போதும் மேலேயே இருக்கும் நட்பில் மனம்விட்ட பேச்சு நடக்காது.

பேசும் நாள் வந்தால், பணம் கைமாறும் நாளாக அது இருக்க வேண்டாம். பெரும்பாலும் அவளே கேட்பாள்: "ஏன் எனக்காக இவ்வளவு செய்கிறாய்?" இயேசுவின் சீடர் பேதுரு தம் நிருபத்தில் (கடிதத்தில்) எழுதுவதும் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் பதிலைப் பற்றித்தான், அதையும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறார். உங்கள் கதையைச் சொல்லுங்கள்: எந்த இருட்டில் இயேசு உங்களைச் சந்தித்தார், எதைத் தாங்கிக்கொள்ள வைத்தார். ஐந்து நிமிடம் போதும். அவளுடைய மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பிள்ளையிடம் தனியாகப் பேசுவதும் கூடாது. கணவரைத் தவிர்த்துவிட்டுப் பேசும் பேச்சும் நல்லதல்ல. உதவி செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்வது, படம் எடுப்பது, அவள் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னும் ஜெபிப்பது ஆகியவற்றை அறவே தவிருங்கள்.

இதெல்லாம் என் சொந்த நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். உலகச் சபைகள் மாமன்றம், கத்தோலிக்கத் திருப்பீடத்தின் பல்சமய உரையாடல் அவை, உலக நற்செய்திக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட பரிந்துரைகளும், வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொண்டு சாட்சி சொல்வதை மறுக்கின்றன. பல விஷயங்களில் கருத்து வேறுபடும் சபைகள் இதில் ஒரே குரலில் பேசியிருக்கின்றன.

சொல்லாமல் இருப்பதால் மனம் உறுத்துகிறது என்கிறீர்கள். அந்த உறுத்தல் நல்லதுதான், அதை அணைத்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் கொடை ஊமையானது என்று நினைக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றான். இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குமுறினான். எதிராளியே கண்டு சொன்ன சாட்சி அது.

தொகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் மறைத்தும் கொடுக்காதீர்கள். ஒருவனுடைய கொடை அவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படியல்ல என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரச் சபையாருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்பதும் அவர் வார்த்தைதான். கொடுத்து முடித்த இரவில் எரிச்சல் வந்தால் தொகை அதிகமாகிவிட்டது என்று பொருள். குறைத்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். காலத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இன்னும் 6 மாதம் என்னால் முடியும்." திடீரென்று நின்றுபோகும் உதவி, வராத உதவியைவிட அதிகமாகக் காயப்படுத்தும். கணவருக்கு வேலை தேடவும் கூடவே முயலுங்கள். அவருடைய மானத்துக்கு அதுதான் மருந்து.

ஒருநாள் அவள், "உன்னோடு சபைக்கு வரட்டுமா?" என்று கேட்டால்? மகிழ்ச்சியோடு அழைத்துப் போங்கள். ஆனால் ஞானஸ்நானம் என்று யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். ஆதிச் சபைகள் சிலவற்றில், புதிதாக வருகிறவரிடம் ஏன் வந்தீர்கள் என்று முதலில் விசாரித்து, 3 ஆண்டுகள் வரைகூடப் போதித்துக் காத்திருந்தார்கள். உங்கள் தோழிக்கும் அவ்வளவு நேரம் கொடுக்கலாம். உங்கள் பணம் அவளுக்குத் தேவைப்படாத காலம் வரட்டும். அப்போதும் அவள் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டால், உங்கள் போதகரிடம் அழைத்துப் போங்கள்.