பல்லுக்குப் போட்ட கேப் கழன்று கழன்று வருகிறதா? சிமெண்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு வருடம் முன்பு கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்து ஜிர்கோனியா (ஒரு வகை செராமிக்) கேப் போட்டேன். எட்டு மாதத்தில் இரண்டு முறை கழன்று, டாக்டர் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து ஒட்டினார். நேற்று மறுபடியும் கையோடு வந்துவிட்டது. "ரெசின் சிமெண்ட்தான் ஸ்ட்ராங், அதைக் கேள்" என்கிறார் என் மைத்துனர். கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்கு முன்னால் கேப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். சிமெண்ட் முழுக்க கேப்புக்குள் தங்கியிருந்தால், பல்லோடு இருந்த பிடி விட்டிருக்கிறது. கேப் காலியாக இருந்து சிமெண்ட் பல்லின் மேல் நின்றால், ஜிர்கோனியாவில் அது பிடிக்கவில்லை. பழுப்பாக, மெத்தென்று, நாற்றத்தோடு ஏதாவது இருந்தால் அடியில் சொத்தை என்று சந்தேகப்பட வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லை, சொத்தை விழுந்தாலும் வலித்துக் காட்டாது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் உள்ளே சுரண்டாமல் அப்படியே ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

மைத்துனர் சொல்வதில் உண்மை உண்டு. ஒட்டும் வலிமையை மெகாபாஸ்கலில் அளக்கிறோம். 1 மெகாபாஸ்கல் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் ஒட்டைப் பிரிக்கச் சுமார் 10 கிலோ எடையின் இழுப்பு வேண்டும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் சாதாரண கிளாஸ் அயனோமர் பெரும்பாலும் 3 முதல் 7 வரை காட்டும். முறையாகக் கையாண்ட ரெசின் 20ஐ எட்டும்.

ஆனால் பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டை நினைத்துப் பாருங்கள். அது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டுவதே இல்லை. சுரசுரப்புக்குள் புகுந்து இறுகும், அவ்வளவுதான். அதை வைத்து மாட்டிய கேப்கள் இருபது வருடம் தாண்டியும் நின்றிருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று செருகிய எவர்சில்வர் டம்ளர்கள் பசையே இல்லாமல் சிக்கிக்கொள்ளுமே, அதே கணக்கு. பல்லைச் செதுக்கிய வடிவம்தான் முதல் பிடி. கடைவாய்ப் பல்லில் சுமார் 4 மில்லிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும், சுவர்கள் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். குட்டையாகவும் கூம்பியும் போன பல்லில் எந்த சிமெண்டும் திணறும். மூன்றாவது முறையும் அதே கேப்பை அப்படியே ஒட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உள்பல்லைக் கட்டி உயர்த்தவோ, பக்கத்தில் சிறு பள்ளம் வெட்டவோ, ஈறைச் சற்றுக் குறைக்கவோ வேண்டியிருக்கலாம். அப்படியானால் புது கேப்தான்.

ரெசினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஈரம் ஆகாது. கீழ்த்தாடையின் கடைசியில் எச்சிலும் ஈறுக்கசிவும் ஓயாமல் வரும். அங்கே ஓரளவு ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமரை உங்கள் டாக்டர் எடுத்தது தவறில்லை. ஜிர்கோனியாவை மற்ற செராமிக் போல அமிலம் வைத்துச் சுரசுரப்பாக்கவும் முடியாது. வாயில் வைத்துப் பார்த்து எடுத்தபின், கேப்பின் உள்பக்கத்தில் அலுமினாப் பொடியை மெல்லிய அழுத்தத்தில் அடித்து, ஜிர்கோனியாவைப் பிடிக்கும் எம்.டி.பி. என்ற பொருள் கலந்த ப்ரைமர் (அடிப்பூச்சு) பூச வேண்டும். பூசுமுன் எச்சில் பட்டால் பிடிப்பு குறையும். எனவே "எந்த சிமெண்ட்?" என்பதோடு "கேப்பின் உள்பக்கத்தை எப்படித் தயார் செய்வீர்கள், பல்லை எப்படி உலர்வாக வைப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். கடித்துப் பார்க்கும்போது அந்தப் பல் முதலில் இடிக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். தினமும் இடிபடும் கேப் ஆட்டம் காணும்.

வீட்டில் கிராம்புத் தைலம் தடவியிருந்தால் மறைக்காதீர்கள். அதிலுள்ள யூஜினால் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். சூப்பர் குளூ போட்டு நீங்களே ஒட்டவே கூடாது. ஈறு புண்ணாகும், கேப் கோணலாக உட்காரும், உள்பக்கமும் பாழாகும். சில நாட்களுக்குள் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, எதிர்ப்பல் இறங்கி, இந்தக் கேப்பே உட்காராமல் போகலாம். மறுபடி கிளாஸ் அயனோமரே வைத்தாலும் முதல் 24 மணி நேரம் மறுபக்கமாக மென்று சாப்பிடுங்கள். அது முழுதாக இறுக அவ்வளவு நேரம் பிடிக்கும்.