விடுமுறைக் கேள்விக் கொப்பி: கச்சான் ஏன் இப்படிச் சுடுகிறது?

இரண்டாம் தவணை முடிகிற வாரம் வகுப்பில் ஒரு வெற்றுக் கொப்பியைச் சுற்ற விட்டேன். "பரீட்சைக்கு வராது, ஆனால் கேட்கவேண்டும் போல இருக்கிறது என்று நினைக்கிற கேள்வியை எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தேன். திரும்பி வந்ததை இரவிரவாக வாசித்தேன். பாதிக் கேள்விக்கு விடை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஊருக்குள் நடந்து போனால் போதும். முடிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

கொழும்பில் மழை கொட்டுகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அதே தென்மேற்குக் காற்று எங்களுக்கு மட்டும் ஏன் நெருப்பாக வீசுகிறது ரீச்சர்? (தரம் 10, உப்புவெளி)

அதே காற்றுதான், மகள். நாங்கள் கச்சான் என்று சொல்வது அதைத்தான். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மேற்குக் கரையில் கடல் ஈரத்தோடு ஏறுகிற காற்று மலைநாட்டில் முட்டி மேலே போகிறது. மேலே போகப்போக விரிந்து குளிர்கிறது. நீராவி முகிலாகி மழையாக அங்கேயே விழுந்துவிடுகிறது. இந்த இடத்தில் உங்கள் மறைவெப்பப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். நீராவி நீராக மாறும்போது வெப்பம் வெளியே வரும். அதனால் முகிலோடு ஏறுகிற காற்று கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகைதான் குளிர்கிறது. மலையைத் தாண்டி எங்கள் திருகோணமலைப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. இறங்குகிற காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும். உலர்ந்த காற்றென்றால் கிலோமீற்றருக்கு 10 பாகை.

சரி, கணக்குப் போடுவோம். மலை 2 கிலோமீற்றர் உயரம் என்று வையுங்கள். ஏறும்போது 12 பாகை குறைகிறது, இறங்கும்போது 20 பாகை கூடுகிறது. 28 பாகையில் புறப்பட்ட காற்று 36 பாகையில் எங்கள் முற்றத்துக்கு வருகிறது. உண்மையில் ஏறுகிற வழி முழுவதும் முகில் இருப்பதில்லை, ஆகவே வித்தியாசம் இதைவிடக் குறையும். ஆனால் நடக்கிற விதம் இதுதான். கச்சான் பலமாக வீசுகிற நாளில் கடற்காற்றையும் உள்ளே வர விடாது. பின்னேரம் கடற்கரைக்குப் போயும் வியர்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் இப்படி இறங்குகிற காற்றை ஃபோன் என்கிறார்கள். எங்கள் கச்சானும் கச்சான் என்ற சொந்தப் பெயரோடேயே ஆங்கில வானிலை அகராதியில் இடம் பிடித்திருக்கிறது. அதை முதல் முறை பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோசம் இன்னும் குறையவில்லை.

பென்சிலுக்குள் இருப்பது காரீயம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஈயம் நஞ்சு என்றும் இருக்கிறது. நான் பென்சிலைக் கடிக்கிற பழக்கக்காரன். என்ன செய்வது? (தரம் 8)

பயப்படாதே தம்பி. பெயரில்தான் ஈயம் இருக்கிறது, பென்சிலில் இல்லை. உள்ளே இருப்பது கிராபைற்றும் களியும் சேர்ந்த கலவை. கிராபைற் என்பது வெறும் காபன். வைரமும் அதே காபன்தான். கிராபைற்றில் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும், ஒரு தட்டு அடுத்ததன் மேல் வழுக்கிப் போகும். கடதாசியில் நீ இழுக்கிற கோடு, அப்படி உரிந்து வந்த தட்டுகள். கேகாலையில் பொகல, குருநாகலில் கஹட்டகஹ என்று எங்கள் நாட்டிலேயே காரீயச் சுரங்கங்கள் இருக்கின்றன. மிகத் தூய்மையான காரீயம் என்று உலகத்தில் இவற்றுக்குப் பெயர். கடிப்பதை மட்டும் நிறுத்து. மேலே பூசிய பூச்சு வயிற்றுக்கு நல்லதல்ல.

மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் எப்படி நேர் எண் வரும்? "அது விதி, பாடமாக்கு" என்று ரியூசனில் சொன்னார்கள். (தரம் 9, திருகோணமலை நகர்)

பாடமாக்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினையுங்கள். குழாய் ஒழுகி நிமிடத்துக்கு 3 லீற்றர் போகிறது. குறைகிறது, ஆகவே -3. இன்னும் 2 நிமிடத்தில் இப்போது இருப்பதைவிட 6 லீற்றர் குறைந்திருக்கும்: -3 × 2 = -6. இப்போது நேரத்தைப் பின்னால் திருப்புங்கள். 2 நிமிடத்துக்கு முன்பு என்றால் -2. அப்போது தொட்டியில் இப்போதைவிட 6 லீற்றர் அதிகமாக இருந்திருக்கும் அல்லவா? -3 × -2 = +6. அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. -3 ஐ 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்குங்கள். -6, -3, 0 என்று மூன்று மூன்றாகக் கூடும். அடுத்து -1 ஆல் பெருக்கும்போது அந்த ஒழுங்கு உடையக்கூடாது என்றால் விடை 3 ஆகத்தான் இருக்க முடியும்.

கன்னியாக் கிணறுகளில் வெந்நீர் வருகிறதே, கீழே எரிமலை இருக்கிறதா? (தரம் 7)

இல்லை. இலங்கை மிகப் பழைய பாறைகளின் மேல் இருக்கிற தீவு, இங்கே உயிருள்ள எரிமலை கிடையாது. பூமிக்குள் கீழே போகப்போக வெப்பம் கூடும். பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது. தாயின் இறுதிக் கிரியைக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்று அம்மம்மா சொல்லியிருப்பார். அந்தக் கதையையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது ஏழு கிணற்றுத் தண்ணீரையும் கையில் ஏந்திப் பாருங்கள். எல்லாம் ஒரே சூடு இல்லை. எது அதிகம் என்று எழுதி வந்தால் வகுப்பில் வரைபு வரைவோம்.

திமிங்கிலம் ஏன் எங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது? (நிலாவெளி)

ஆழம்தான் காரணம். எங்கள் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது, ஆழத்தில் திரிகிற திமிங்கிலமும் அவ்வளவு கிட்ட வந்துவிடுகிறது. பெரிய கப்பல்கள் இங்கே வர முடிவதும் அந்த ஆழத்தால்தான்.

இரவு முழுக்கப் படித்தது பரீட்சை மண்டபத்தில் மறந்து போகிறது. எனக்கு மூளை குறைவா ரீச்சர்? (சாதாரண தரம் எழுதப்போகிறவள்)

இல்லவே இல்லை, பிள்ளை. ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்றொருவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. எல்லாருக்கும் அப்படித்தான். நீ திரும்பத் திரும்ப வாசிக்கிறாய் என்று நினைக்கிறேன். வாசித்தால் தெரிந்தது போல இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுது. விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர். நாளைக்கு ஒரு முறை, நாலு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த கிழமை ஒரு முறை. அப்புறம் நித்திரை. விழித்திருந்து படிப்பதில் கிடைப்பதைவிட நித்திரை கெடுவதில் போவது அதிகம்.

கோட்டை வாசலில் நிற்கிற மான்களுக்குச் சில மாதம் கொம்பு இல்லையே, யாராவது வெட்டுகிறார்களா? (தரம் 6)

யாரும் வெட்டுவதில்லை, கண்ணா. ஆண் புள்ளிமானின் கொம்பு தானாக விழுந்து மீண்டும் முளைக்கும். புதிதாக முளைக்கும்போது மேலே மெல்லிய வெல்வெற் தோல் மூடியிருக்கும். காலையில் போனால் பார்க்கலாம். மாட்டுக்கொம்பு அப்படி விழாது. பார்க்கப் போகும்போது சாப்பாட்டுப் பொதி சுற்றின பொலித்தீனை அங்கே போட்டுவிட்டு வராதே. உப்பும் சோறும் ஒட்டியிருந்தால் மான் அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.