22 தளம், ஒரு சர்வர்: எந்தப் பேனல் போடுவது?

கேள்வி: அண்ணே, காரைக்குடியில் சிறியதாக வெப் டிசைன் கடை வைத்திருக்கிறேன். பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள் என்று 22 வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில்) ஓடுகின்றன. தளம், மெயில் எல்லாவற்றையும் ஒரே திரையில் நிர்வகிக்கும் பேனல் மென்பொருளான சிபேனலின் லைசென்ஸ் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. இலவசப் பேனலுக்கு மாறிவிடலாமா? எது நல்லது? (காரைக்குடி வாசகர்)

பதில்: மாறலாம் தம்பி. ஆனால் எது நல்லது என்று நான் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லியிருக்க வேண்டும், அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. இந்த 22 பேரில் எத்தனை பேருடைய மெயில் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது? பேனல் முடிவு பாதி அதில்தான் இருக்கிறது. தளம் பத்து நிமிடம் நின்றால் பலகாரக் கடைக்காரர் கவனிக்கக்கூட மாட்டார், மெயில் பத்து நிமிடம் நின்றால் விடுதிக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்.

கட்டணக் கதையை முதலில் பார்த்துவிடலாம். 2019 ஜூனில் சிபேனல் தன் விலை முறையையே மாற்றியது. அதுவரை சர்வருக்கு ஒரு லைசென்ஸ், உள்ளே எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கணக்கை எண்ணித்தான் காசு: ஒன்று, ஐந்து, முப்பது, நூறு என்று படிகள், நூறைத் தாண்டினால் ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக. உங்கள் 22-க்கு முப்பது படிதான். 31-ஆவது வாடிக்கையாளர் வரும் அன்று நூறு படிக்குப் போவீர்கள், அதை இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். 'அப்படியானால் பிளெஸ்க் என்ற இன்னொரு பேனலுக்குப் போகிறேன்' என்று சிலர் கிளம்புகிறார்கள். விண்டோஸ் சர்வர் வேண்டுமென்றால் பிளெஸ்க் நல்ல தேர்வுதான், ஆனால் சிபேனலும் பிளெஸ்க்கும் இன்று வெப்ப்ரோஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருக்கின்றன, பிளெஸ்க்கிலும் 10 டொமைன், 30 டொமைன் என்று படிகள் உண்டு. விலைக்குப் பயந்து அங்கே போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மெயில் உங்களிடம்தான் இருக்கிறது, வாடிக்கையாளர்களே உள்ளே போய் பாஸ்வேர்டு மாற்றுகிறார்கள் என்றால் நான் டைரக்ட்அட்மின் சொல்வேன். காசு கொடுத்து வாங்குவதுதான், ஆனால் அதன் மேல்படி லைசென்ஸில் கணக்குக்கு வரம்பு கிடையாது. அதைவிட முக்கியம், சிபேனலில் எடுத்த பேக்கப்பை அது தானே படித்து மாற்றிக்கொள்ளும். 22 பேரின் மெயில் பெட்டிகளைக் கையால் ஒவ்வொன்றாக உருவாக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

காசே கொடுக்க முடியாது, லினக்ஸ் டெர்மினலில் கை பழகியிருக்கிறது என்றால் ஹெஸ்டியா. திறந்த மூல மென்பொருள், டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் மட்டும் ஓடும், மெயில், டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைப்பது), பல பிஹெச்பி பதிப்புகள் எல்லாம் உண்டு. நிறுவும்போது கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனரைச் சேர்க்கலாமா என்று யோசித்துச் செய்யுங்கள், அது ஒன்று மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் ராம் எடுத்துக்கொள்ளும். மெயிலையெல்லாம் வெளியே வேறு சேவைக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால் கிளவுட்பேனலும் பார்க்கலாம், அதில் மெயில் சர்வரே கிடையாது, அதனாலேயே இலகுவாக இருக்கும்.

அப்புறம், எந்தப் பேனலாக இருந்தாலும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு யூசர். நம் ஊர் வீட்டில் வளவைச் (நடுமுற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான மகனின் குடும்பத்துக்கும்) ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு என்று வைத்திருப்பது போல. 22 தளங்களையும் அட்மின் யூசருக்குள்ளேயே போட்டு வைத்திருக்கும் சர்வர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதில் யாரோ ஒருவரின் பழைய வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக ஒருத்தன் உள்ளே வந்துவிட்டால் மற்ற 21 பேர் வீட்டுக்கும் அவனுக்குச் சாவி கிடைத்த மாதிரிதான்.

இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் போதும். சில வருடங்களுக்கு முன் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் தளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து அவர்கள் வண்ணம் ஊற்றும் ஒவ்வொரு டிசைனையும் வெயில் சாயும் நேரத்தில் படமெடுத்து ஏற்றியிருந்தோம். பேனலில் தினமும் பேக்கப் எடுத்தது, பச்சை டிக் காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் டிஸ்க் போய்விட்டது, பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. பட்டறைக்காரர் தன் போனில் வாட்ஸ்அப்பில் கிடந்த படங்களைத் தேடி அனுப்பினார். திரையில் திறந்தால் பூவின் இதழுக்கும் நடுவட்டத்துக்கும் இடையே இருந்த மெல்லிய கோடு கலங்கிப்போய், சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டு தெரிந்தன. அந்த டிசைன்களில் சில திரும்ப ஊற்றப்படவே இல்லை.

அதனால் பேனல் வாங்கும் முன் அதில் பேக்கப் வெளியூருக்குப் போகுமா என்று பாருங்கள். ஹெஸ்டியாவில் எஸ்எஃப்டிபி வழியாகவோ ஆர்குளோன் வழியாகவோ வேறு இடத்துக்கு அனுப்பலாம், மற்றவற்றிலும் வழி உண்டு. அதோடு விடாதீர்கள். ஒரு மாதத்துக்குச் சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உங்கள் தளங்களிலேயே பெரியதை அந்தப் பேக்கப்பிலிருந்து அங்கே எழுப்பிப் பாருங்கள், மெயில் பெட்டி வரை. எழுந்து நின்ற பேனலை வாங்குங்கள். மாறும் அன்று, முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள், மெயில் இல்லாத தளம் ஒன்றை முதலில் மாற்றி ஒரு வாரம் ஓட விடுங்கள், பழைய சர்வரை ஒரு மாதமாவது அணைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் பேரன் சர்வர் எடுத்து, ஹெஸ்டியா போட்டு, பலகாரக் கடைக்குத் தளம் செய்து கொடுத்தான். ஆர்டர் உறுதியானதும் போகும் மெயில் எல்லாருக்கும் ஸ்பாமில் விழுகிறது. சீப்புச் சீடை வந்து சேருமா என்று போன் செய்து கேட்கிறார்கள். பேனலை மாற்றச் சொல்லவா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: வேண்டாம் ஆச்சி, பேனல் மேல் தப்பு இல்லை. பேரனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். தளத்திலிருந்து அவருடைய ஜிமெயிலுக்கே ஓர் ஆர்டர் போட்டு, வந்த மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பார்க்கட்டும். மேலேயே, மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும், மூன்றிலும் 'பாஸ்' வர வேண்டும். டிகேஐஎம் சாவியைப் பேனல் உருவாக்கியிருக்கும், ஆனால் டொமைன் வாங்கிய இடத்தில் அதைச் சேர்க்க மறந்திருப்பார்கள், நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான். அடுத்தது, சர்வரின் ஐபி முகவரிக்கு பிடிஆர் என்ற பதிவு மெயில் சர்வரின் பெயரைக் காட்ட வேண்டும், அதைப் பேனலில் செய்ய முடியாது, சர்வர் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயங்களில் கண்டிப்பாகிவிட்டது. இவ்வளவும் சரியாக இருந்தும் ஸ்பாமில் விழுந்தால் அந்த ஐபிக்கு முன்பு இருந்தவர் கெட்ட பெயர் வாங்கி வைத்திருக்கலாம். அப்போது ஆர்டர் மெயிலை மட்டும் மெயில் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள், தளமும் பேனலும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: சைபர்பேனல் வேகம் என்று நண்பன் சொல்கிறான். பாதுகாப்பானதா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வேகத்துக்குக் காரணம் அதனுள் இருக்கும் ஓப்பன்லைட்ஸ்பீடு என்ற வெப் சர்வர். பாதுகாப்பு என்றால், 2024 அக்டோபர் கடைசியில் நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். லாகின் செய்யாமலேயே ரூட் (சர்வரின் முழு) அதிகாரத்தில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை அதில் இருந்தது, இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான சர்வர்களில் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் வாடிக்கையாளர் தளங்களை நான் அதில் வைக்க மாட்டேன். நீங்கள் வைத்தாலும், வேறு எந்தப் பேனல் வைத்தாலும், அதன் போர்ட் (உள்ளே வரும் வாசல் எண்) உலகத்துக்கே திறந்திருக்கக் கூடாது: சைபர்பேனலுக்கு 8090, ஹெஸ்டியாவுக்கு 8083, டைரக்ட்அட்மினுக்கு 2222. வாடிக்கையாளர்கள் உள்ளே வரத் தேவையில்லை என்றால் ஃபயர்வாலில் அதை மூடிவிட்டு எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கம் செய்த தனிப் பாதை) வழியாக நீங்கள் மட்டும் போங்கள். வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு அதுதான் தோது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். என் வலைப்பூ ஒன்றுக்குப் பேனல் தேவையா? (புதுவயல் வாசகர்)

பதில்: தேவையில்லை தம்பி. உபுண்டுவில் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, தரவுத்தளம் மரியாடிபி மூன்றையும் கையால் போட்டு, செர்ட்பாட் என்ற கருவியில் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜிபி ராம் சர்வரே தாங்கும். ஒரு வார இறுதி போகும், ஆனால் நாளைக்குப் பேனல் காட்டும் பிழைச் செய்தியைப் படித்ததும் உங்களுக்குப் புரியும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் சிபேனலை நீக்கிவிட்டு அதே சர்வரில் வேறு பேனல் போட முடியுமா? (காரைக்குடியிலிருந்து இன்னொரு வாசகர்)

பதில்: முடியாது. சிபேனலைச் சுத்தமாக நீக்கும் வழியே கிடையாது, ஓஎஸ்ஸையே புதிதாகப் போட வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 என்ற ஓஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் எப்படியும் அந்த ஓஎஸ்ஸிலிருந்து மாறியாக வேண்டும், அதற்கான அப்டேட் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. இரண்டாவது சர்வர் ஒன்று எடுத்து, தளங்களை அங்கே கொண்டுபோய், எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு பழையதை விடுங்கள்.